ஆறிய கண்ணாடி: வாட்ஸ்லாவ் சிக்லரின் சிற்பங்கள்

கண்ணாடிக் கலை என்று இணையத்தில் தேடினால் முதலில் வந்து விழுவது நெருப்புதான். உலைவாயில் ஆரஞ்சு நிறத்தில் தளதளக்கும் குழம்பு, நீண்ட இரும்புக் குழல், கன்னம் உப்ப ஊதும் ஒருவர், குழலின் மறுமுனையில் தேன் மாதிரி தொங்கி மெல்ல உருவம் கொள்ளும் குமிழ். முப்பது நொடி ரீல். பார்க்கச் சலிக்காது. நானும் ஒரு நூறாவது பார்த்திருப்பேன். மனித மூச்சு கண்ணெதிரே ஒரு பொருளாக மாறுகிற தொழில்கள் உலகத்தில் அதிகம் இல்லை.

அந்த நெருப்பு அடங்கிய பிறகு தொடங்குகிற இன்னொரு வேலை இருக்கிறது. அதை யாரும் ரீல் போடுவதில்லை. போட்டால் என்ன தெரியப்போகிறது? ரப்பர் ஏப்ரன் கட்டிய ஒரு ஆள். சுழலும் இரும்புத் தட்டு. அதன்மேல் சாம்பல் நிறச் சேறு. சேற்றில் ஒரு கட்டியை அழுத்திப் பிடித்திருக்கும் இரண்டு கைகள். நாளைக்கும் இதே. அடுத்த வாரமும் இதே. ஆங்கிலத்தில் இதைக் குளிர் வேலை என்கிறார்கள். குளிருக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, கண்ணாடி அறைச் சூட்டில்தான் இருக்கும். தமிழில் 'ஆறிய கண்ணாடி' என்று சொல்லிக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. ஆறின சோறு, ஆறின காபி என்கும்போது வருகிற லேசான அலட்சியமும் சேர்ந்தே வந்துவிடுகிறது. கண்ணாடித் தொழிலிலும் அந்த அலட்சியம் உண்டு. ஊதுகிறவர் கலைஞர். அறுத்துத் தேய்க்கிறவர் 'ஃபினிஷிங்' ஆள்.

இந்த ஃபினிஷிங்கை மட்டுமே தொடக்கமாகவும் முடிவாகவும் வைத்துக்கொண்டு ஒருவர் அறுபது ஆண்டு சிற்பம் செய்ய முடியுமா? செய்தால் அது கலையா, மிக நேர்த்தியான தொழில் மட்டும்தானா? செக் நாட்டுச் சிற்பி வாட்ஸ்லாவ் சிக்லரைப் பற்றி எழுத உட்கார்ந்ததற்கு இந்தக் கேள்விதான் காரணம். அவர் படைப்புகளில் பாதி எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது. மீதிப் பாதி மேல் சந்தேகம் இருக்கிறது. அந்தச் சந்தேகம் எங்கே தொடங்குகிறது என்று பார்க்கலாம்.

முதலில் வேலையைப் பற்றிக் கொஞ்சம். இது தெரியாமல் சிக்லரைப் பேசினால் எல்லாம் வெறும் தத்துவமாகப் போய்விடும்.

வைரத்தூள் பதித்த ரம்பத்தால், தண்ணீர் ஊற்றியபடியே கட்டியை அறுக்கிறார்கள். பிறகு வார்ப்பிரும்புத் தட்டில் சிலிக்கன் கார்பைடு பொடியும் தண்ணீரும் விட்டு அரைப்பு. உப்புத்தாளுக்கு நம்பர் இருக்கிற மாதிரி இந்தப் பொடிக்கும் உண்டு. 100, 220, 400, 600 என்று எண் ஏற ஏறப் பொடி நைஸாகும். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரே வேலை: முந்தைய கட்டம் போட்ட கீறல்களை அழித்துவிட்டு, அதைவிடச் சின்னக் கீறல்களைப் போடுவது. அப்புறம் பியூமிஸ், கார்க் அல்லது ஃபெல்ட் சக்கரம், கடைசியில் செரியம் ஆக்ஸைடு. அதுவரைக்கும் பனி படர்ந்த ஜன்னல் மாதிரி வெளுத்துக் கிடந்த பரப்பு அப்போதுதான் திறந்துகொள்ளும். திறந்த கையோடு, 220இல் தப்பவிட்ட ஒரே ஒரு கீறல் வெளிச்சத்தில் பல்லைக் காட்டும். பாலிஷ் எதையும் மறைக்காது, காட்டித்தான் கொடுக்கும். திரும்ப 220க்குப் போக வேண்டும். அந்த ஒரு இடத்தை மட்டும் தேய்த்தால் பள்ளம் விழும் என்பதால் முழுப் பரப்பையும்.

சூடான கண்ணாடி மன்னிக்கும். வடிவம் கோணினால் உலைக்குள் திருப்பிச் செருகலாம், இளகவிட்டு மறுபடி தொடங்கலாம். ஆறிய கண்ணாடியில் எடுத்தது எடுத்ததுதான். நேரக் கணக்கும் வேறு. ஊதுகிறவருக்கு நிமிடங்கள். இங்கே வாரங்கள், மாதங்கள். பலோமார் தொலைநோக்கியின் 200 அங்குல ஆடியை நினைத்துக்கொள்ளுங்கள். 1934 இறுதியில் வார்த்தார்கள். ஆறுவதற்கே ஏறத்தாழ பத்து மாதம். 1936இல் தொடங்கிய அரைப்பும் மெருகும், நடுவில் போருக்காக நிறுத்திய காலத்தையும் சேர்த்து, 1947 வரைக்கும் இழுத்தது. இருபது டன் கண்ணாடியில் ஐந்து டன் அளவுக்குப் பொடியாகப் போயிற்று. ஆறிய கண்ணாடியின் மிகப்பெரிய சிற்பம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் கூச்சமில்லாமல் இதைத்தான் சொல்வேன். இலக்கிய வாசகர்களுக்கு இன்னும் நெருக்கமான ஆள் ஸ்பினோசா. லென்ஸ் அரைத்துப் பிழைத்தவர், 44 வயதில் நுரையீரல் நோயில் போனார், கண்ணாடித் தூசிக்கும் அதில் பங்கிருக்கலாம் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். தண்ணீர் விட்டே அரைப்பது என்பது வழவழப்புக்காக மட்டும் இல்லை.

*

சிக்லர் 1929இல் மொராவியாவின் வ்செட்டீனில் பிறந்தார். நோவி போர் நகரின் கண்ணாடிப் பள்ளியில் படித்தார். அந்த வட்டாரமே கண்ணாடியால் பிழைப்பது. பிறகு ப்ராக் பயன்கலைக் கல்லூரியில் யோசெஃப் கப்லிட்ஸ்கியிடம். 1957இல் படிப்பு முடிகிறது. கப்லிட்ஸ்கி அடிப்படையில் ஓவியர். கண்ணாடி மாணவர்களைக் கோப்பை வடிவமைப்பாளர்களாக இல்லாமல் ஓவியர்களைப் போல, சிற்பிகளைப் போல யோசிக்கப் பழக்கியவர். செக் கண்ணாடியின் ஒரு தலைமுறையே அவர் வகுப்பிலிருந்து வந்தது என்று சொல்லலாம்.

அந்தக் காலச் சூழலை மறக்கக் கூடாது. கம்யூனிஸ்ட் செக்கோஸ்லோவாகியாவில் அருவ ஓவியம் சந்தேகத்துக்குரிய சமாச்சாரம். கேன்வாஸில் ஒரு கறுப்புச் சதுரம் வரைந்தால் கேள்வி வரும். அதே சதுரத்தைக் கண்ணாடியில் வெட்டினால் அது 'அலங்காரப் பொருள்', ஏற்றுமதிக்கு ஆகும், நாட்டுக்கு அந்நியச் செலாவணி. கண்ணாடியை யாரும் கலையாக மதிக்கவில்லை என்பதே கண்ணாடிக்காரர்களுக்குக் கிடைத்த சுதந்திரம். 1958 ப்ரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில் செக் கண்ணாடியைப் பார்த்து மேற்கு நாடுகள் திகைத்ததற்கு இந்த அலட்சியத்துக்கும் ஒரு நன்றி சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஹார்வி லிட்டில்டன் டொலிடோவில் ஒரு சிறு உலையை வைத்து, தனி ஆளாகவும் கண்ணாடி செய்யலாம் என்று பட்டறை நடத்தியது 1962இல்தான்.

ஆனால் லிட்டில்டனின் மாணவர்களும் சரி, ப்ராக் ஆட்களில் பலரும் சரி, உலையிலிருந்து தொடங்கினார்கள். சிக்லர் எடுத்துக்கொண்டது வேறொன்று. ஆப்டிகல் கண்ணாடி. கேமரா லென்ஸுக்கும் நுண்ணோக்கிக்கும் முப்பட்டகத்துக்கும் தொழிற்சாலை தயாரிக்கிற பொருள். குமிழி கூடாது, நிறம் கூடாது, உள்ளே இழையோட்டம் கூடாது, மூலைக்கு மூலை ஒரே அடர்த்தியாக இருக்க வேண்டும். சுருக்கமாகச் சொன்னால், கண்ணில் படக்கூடாது என்பதற்காகவே உருவாக்கப்பட்ட பொருள். அதைச் சிற்பத்துக்கு எடுத்தவர்களில் முன்னோடி அவர்.

கண்ணில் படாத பொருளை வைத்துக்கொண்டு ஒரு சிற்பி என்ன செய்ய முடியும்?

கல்லுக்குள் சிலை ஒளிந்திருக்கிறது, வேண்டாததை நீக்கினால் போதும் என்று ஒரு பழைய வசனம் இருக்கிறதல்லவா, அது இங்கே செல்லாது. இங்கே ஒளிந்திருக்க இடமே இல்லை. கல்லில் சிற்பி தொடுவது மேல்தோலை மட்டும். உள்ளே இருட்டு, அந்த இருட்டு கடைசிவரை இருட்டுதான். கண்ணாடியில் பின்பக்கத்தை ஒரு டிகிரி சாய்த்து அறுத்தால் முன்பக்கம் மாறிவிடும். அடியைத் தேய்த்தால் உச்சியில் வேறொன்று தெரியும். பின்பக்கம் என்று ஒன்று கிடையவே கிடையாது. எல்லா முகமும் எல்லா முகத்துக்குள்ளும் இருக்கும்.

பள்ளிக்கூடத்தில் முழு அக எதிரொளிப்பு என்று படித்திருப்பீர்கள். மதிப்பெண்ணுக்காகப் படித்து மறந்திருப்பீர்கள். கண்ணாடிக்கு உள்ளே போகிற ஒளி, உள்சுவரில் சுமார் 42 டிகிரிக்கு மேல் சாய்ந்து பட்டால் அதற்கு வெளியே போக வழியில்லை, முழுக்கத் திரும்பி உள்ளேயே வரும். (42 என்பது சாதாரணக் கண்ணாடிக்கு. அடர்த்தியான ஆப்டிகல் கண்ணாடியில் இன்னும் குறையும்.) சிக்லரின் மொத்த அகராதியும் கிட்டத்தட்ட இந்த ஒரு விதிதான். வெட்டிய ஒரு கட்டியின் முன் நிற்கிறீர்கள். ஒரு முகம் தெளிவாக இருக்கிறது, அந்தப் பக்கச் சுவர் தெரிகிறது. அரை அடி நகர்கிறீர்கள். அதே முகம் வெள்ளி பூசின கண்ணாடியாகிவிடுகிறது. யாரும் வெள்ளி பூசவில்லை. நகர்ந்தது நீங்கள்தான். இன்னும் அரை அடி. எதிரில் நிற்பவரின் சட்டை நிறம் மட்டும் ஒரு கோடாக உள்ளே ஓடுகிறது, ஆளைக் காணோம்.

அவருடைய வடிவங்களை எண்ணிவிடலாம். லென்ஸ் போன்ற வட்டு, முட்டை, கூம்பு, பிரமிடு, கோணமாக அறுத்த கட்டிகள், சிலவற்றில் மெல்லிய உலோகப் பூச்சு. அவ்வளவுதான். இளைஞராக உடலில் அணிகிற பெரிய உலோக நகைகளும் செய்திருக்கிறார், அது தனிக் கதை. வடிவக் கணிதப் பெட்டியைத் தாண்டி வெளியே வரமாட்டேன் என்கிற ஆள். முதல் பார்வைக்கு, 'என்ன சார், இதுக்கா இத்தனை பேச்சு' என்றுதான் தோன்றும். தோன்றட்டும். அந்த முட்டை ஒரு உருவமில்லை, ஒரு கருவி. அது தன்னைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. அந்த அறை, அந்த நேரத்து வெளிச்சம், அங்கே வந்து போகிறவர்கள், எல்லாரையும் தலைகீழாக உள்ளே வாங்கி அடுத்த நொடி விட்டுவிடுகிறது. அறை காலியானால் சிற்பமும் ஏறத்தாழ காலி.

*

இப்போது சங்கடமான ஒரு ஒப்பீடு. உங்கள் வீட்டு ஷோகேஸில் ஒரு 'கிரிஸ்டல்' கேடயம் இருக்கிறதா? கல்லூரிப் பேச்சுப்போட்டி, அலுவலகத்தில் சிறந்த ஊழியர், ரோட்டரி விழா, ஏதோ ஒன்று. கடைக்காரர் அதை 'கே9' என்று சொல்லி விற்றிருப்பார். கே9 என்பதும் ஆப்டிகல் கண்ணாடியின் ஒரு வகைதான். அதையும் வைரச் சக்கரத்தில் அறுத்து, அரைத்து, செரியம் போட்டுத்தான் பாலிஷ் பண்ணுகிறார்கள். பொருள் ஒன்று, வேலை ஒன்று, சாய்ந்து அறுத்த விளிம்பு கூட ஒன்று. அப்படியென்றால் சிக்லரின் பிரமிடுக்கும் ரோட்டரி பிரமிடுக்கும் என்ன வித்தியாசம்?

விமர்சகர்கள் பொதுவாக இந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார்கள், மரியாதைக் குறைவு என்று. கேட்டால்தான் ஏதாவது பிடிபடும். கேடயம் உங்களைத் தன்னிடம் நிறுத்த நினைக்கிறது. உள்ளே லேசரில் பெயர், அலை, பூமி உருண்டை, ஏதாவது ஒரு 'விஷயம்'. வெறும் கண்ணாடியாக இருக்க அதற்குத் தைரியம் கிடையாது. சிக்லரின் நல்ல சிற்பத்தில் நிற்பதற்கு இடமே இல்லை, கண் உள்ளே போய் வெளியே வந்துவிடுகிறது.

இந்த இடத்தில் அமெரிக்கச் சிற்பி கிறிஸ்டோபர் ரீஸைப் பேசியாக வேண்டும். லிட்டில்டனிடம் படித்தவர். பென்சில்வேனியாவின் டுரியாவில் உள்ள ஷாட் தொழிற்சாலையோடு சேர்ந்து பல பத்தாண்டுகளாக, பெரிய பெரிய ஆப்டிகல் கட்டிகளை ஆறிய நிலையிலேயே செதுக்குகிறவர். வேலைத்திறனைப் பார்த்தால் கும்பிடத் தோன்றும். கட்டியின் பின்பக்கத்தில் ஒரே ஒரு வடிவத்தை வெட்டி, அது முகங்களில் பட்டுப் பட்டு எதிரொளித்து, முன்னால் நிற்பவருக்கு உள்ளே முழுப்பூ ஒன்று இதழ் விரித்து மிதப்பது மாதிரி செய்துவிடுவார். பார்க்கிறவர்கள் 'ஆ' என்பார்கள். அந்த 'ஆ'தான் எனக்கு ஒவ்வாதது. வித்தை முடிந்துவிட்டது, பூவைப் பார்த்தாயிற்று, அடுத்த சிற்பத்துக்குப் போகலாம். எங்கே நின்றால் பூ தெரியும் என்பதை அவர் முடிவு செய்துவிடுகிறார். பார்வையாளர் அந்தப் புள்ளியைத் தேடிப் போய் நிற்க வேண்டும். சிக்லரில் அப்படிப்பட்ட சரியான இடம் இல்லை. ரீஸ் என்னைவிடப் பலருக்குப் பிடித்தவர், அதில் எனக்கு வருத்தமும் இல்லை. கதையின் கடைசி வரியில் திருப்பம் வைக்கிறவர்களுக்கும் எப்போதும் வாசகர்கள் அதிகம்தான்.

*

இதைவிடக் கனமான குற்றச்சாட்டு ஒன்று இருக்கிறது.

1965இல் சிக்லர் பிராட்டிஸ்லாவா நுண்கலைக் கல்லூரியில் 'கட்டடக் கலையில் கண்ணாடி' என்றொரு துறையைத் தொடங்குகிறார். 1979 வரை அதை நடத்துகிறார். இந்தத் தேதிகளுக்கு நடுவே 1968 ஆகஸ்ட் வருகிறது. வார்சா ஒப்பந்த நாடுகளின் டாங்கிகள் ப்ராகில் மட்டும் நுழையவில்லை, பிராட்டிஸ்லாவாவிலும் நுழைந்தன. சட்டையைத் திறந்து வெற்று மார்போடு டாங்கிக் குழலின் முன் நிற்கும் மனிதரின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். லாடிஸ்லாவ் பீலிக் எடுத்தது. அது ப்ராக் இல்லை, சிக்லர் பாடம் நடத்திக்கொண்டிருந்த அதே பிராட்டிஸ்லாவா.

இரண்டு ஆண்டு கழித்து, ஒசாகா உலகக் கண்காட்சிக்காக ஸ்டானிஸ்லாவ் லிபென்ஸ்கியும் யாரோஸ்லாவா பிரிக்டோவாவும் 'வாழ்வின் நதி' என்ற மாபெரும் வார்ப்புக் கண்ணாடிச் சுவரைச் செய்தார்கள். அந்த நதியின் பரப்பில் பூட்ஸ் தடங்களைப் பதித்து அனுப்பினார்கள். யாருடைய பூட்ஸ் என்று விளக்க வேண்டியதில்லை. அதிகாரிகளுக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தம்பதிக்கு அதனால் தொல்லை வந்தது. லிபென்ஸ்கி தம்பதியின் கண்ணாடி அச்சில் உருகி வார்க்கப்படுவது, கனமானது, நிறம் கொண்டது. அதில் தடம் பதியும்.

ஆப்டிகல் கண்ணாடியில் தடம் பதியாது. பதிந்தால் தேய்த்து எடுத்துவிட வேண்டும், அதுதான் அந்தத் தொழிலின் இலக்கணம். அப்படியானால் ஊர் மிதிபடும்போது முட்டையும் பிரமிடும் மெருகு போட்டுக்கொண்டிருந்தது தப்பித்தல்தானே?

இதற்கு ஒரு அழகான பதில் தயாராக இருக்கிறது. எனக்கும் அதை எழுத ஆசைதான். எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு சரியான கோணத்தை வைத்திருந்த அரசின் கீழே, சரியான கோணமே இல்லாத ஒரு பொருளைச் செய்வதுதான் பெரிய எதிர்ப்பு, ஒவ்வொரு பார்வையாளரையும் தானே நகர்ந்து தானே பார்க்கச் சொல்கிற கலை, இத்யாதி. வாசிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்தத் தர்க்கத்தை வைத்து எந்த மௌனத்தையும் எதிர்ப்பாக்கிவிடலாம். பூட்ஸ் தடத்தைப் பதித்தவர்கள் விலை கொடுத்தார்கள். சிக்லரின் முட்டையைப் பார்த்து எந்தத் தணிக்கையாளருக்கும் தூக்கம் கெட்டிருக்காது. அதை ஒத்துக்கொண்டுதான் மேலே பேச வேண்டும்.

ஒத்துக்கொண்ட பிறகும் ஒன்று மிச்சமிருக்கிறது. பூட்ஸ் தடம் இன்று ஒரு அடிக்குறிப்போடு சேர்த்துப் பார்க்க வேண்டிய சிற்பமாகிவிட்டது. 1968 தெரியாதவருக்கு அது ஒரு பள்ளம். சிக்லரின் வட்டுக்கு அடிக்குறிப்பு வேண்டாம். எந்த ஆண்டில், எந்த ஊரில் வைத்தாலும் அங்கே இருப்பதைக் காட்டும். இதை உயர்வு தாழ்வாக நான் சொல்லவில்லை. ஒரு மொழியில் இரண்டு வகைக் கவிஞர்களும் வேண்டும். ஆனால் ஒருவரை இன்னொருவரின் பதக்கத்தால் அலங்கரிக்கக் கூடாது.

*

அவர் எதிர்ப்பாளர் இல்லையென்றால் வேறு என்ன? எனக்குக் கிடைக்கிற பதில் அவர் ஆசிரியர் என்பதில் இருக்கிறது. துறையின் பெயரை மறுபடி பாருங்கள். 'கண்ணாடிக் கலை' என்றில்லை, 'கட்டடக் கலையில் கண்ணாடி'. பீடத்தில் வைக்கிற பொருளாகக் கண்ணாடியை அவர் நினைக்கவே இல்லை என்பது பெயரிலேயே தெரிகிறது. இடத்தைத் திறக்கிற, மூடுகிற, திருப்புகிற ஒன்றாக நினைத்திருக்கிறார். அவரிடம் படித்தவர்களில் ஸ்டெபான் பாலாவும் ஸோரா பாலோவாவும் உலகளவில் பெயர் பெற்றவர்கள். பாலா கணிதக்காரர், ஒரே அலகைத் திரும்பத் திரும்ப அடுக்கி எழுப்புகிற வடிவங்கள். இவரிடம் குருவின் நிழலைப் பார்க்கலாம். பாலோவாவிடம் தேடினாலும் கிடைக்காது. அவருடையது வார்ப்பு, கரடுமுரடு, தூரிகை இழுத்தது போன்ற வரிகள், அடர்ந்த நிறம், மேற்பரப்பு முழுக்கக் கை. மெருகின் ஆசானிடம் இப்படி ஒரு மாணவி உருவானது, அந்த வகுப்பைப் பற்றி எந்தச் சான்றிதழையும்விட அதிகம் சொல்கிறது. தன் மாதிரியே எழுதுகிற பத்துப் பேரை உருவாக்கிவிட்டுத் தன்னை ஆசான் என்று அழைக்க வைக்கிறவர்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம்.

அவருடைய வரைபடங்களும் இந்தப் பக்கம்தான் கைகாட்டுகின்றன. அறுபதுகளிலிருந்தே நிலவெளிக்கான திட்டங்களை வரைந்துகொண்டே இருந்தார். தரையில் ஒரு வெட்டு, நீர்ப்பரப்பு, ஒளி, வானத்தைப் பிடித்துக் கீழே வைக்கிற மாதிரி ஏற்பாடுகள். பெரும்பாலும் காகிதத்தோடு நின்றவை. கட்டியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று ஏங்க வைக்கிற வரைபடங்கள். இவற்றைப் பார்த்துவிட்டு முட்டைக்கும் பிரமிடுக்கும் திரும்பினால் அவை வேறு மாதிரி தெரிகின்றன. கட்ட முடியாத ஒரு பெரிய வெளிக்கு, கையில் பிடிக்கிற அளவில் செய்து பார்த்த மாதிரிகள். ஒரு நாவலாசிரியர் நாவலை எழுத வழியில்லாமல் அதன் ஒவ்வொரு அத்தியாயத்தையும் நான்கு வரியில் எழுதி வைத்தது போல.

இதனால்தான் அவருடைய பிற்காலத்தின் மேல் எனக்குக் குறை. கட்டடக் கலைஞர் மிகால் மோட்டிச்காவோடு சேர்ந்து பெரிய அளவில் வேலை செய்யத் தொடங்கினார். ஆள் உயரக் கண்ணாடித் தகடுகள், அறை நிறையும் அமைப்புகள், ஒளிக்கோடுகள். பல காலம் காகிதத்தில் இருந்தவை நிஜத்தில் நிற்கின்றன, சந்தோஷப்பட வேண்டும். சிலவற்றில் உண்மையிலேயே சந்தோஷப்படலாம், வடிவம் பெரிதாகப் பெரிதாகப் பார்வையாளர் உள்ளேயே போய்விடுகிறார். வேறு சிலவற்றில் ஐந்து நட்சத்திர ஓட்டல் முகப்பு வாசனை அடிக்கிறது. மெலிந்த தகட்டுக்கும் ஆழ்ந்த கட்டிக்கும் வித்தியாசம் உண்டு. கட்டிக்குள் ஒளி போய்த் தொலைந்து திரும்ப நேரம் எடுக்கிற மாதிரி ஒரு உணர்வு வரும். தகட்டில் அது வராது. பளிச்சென்று வாங்கிப் பளிச்சென்று கொடுத்துவிடும். சின்னதாக இருந்தபோது அவரிடம் இருந்த பிடிவாதம், பெரிதானபோது கொஞ்சம் வசதியாக மாறிவிட்டது என்பது என் எண்ணம்.

*

கடைசியாக, கை.

சிக்லரைப் பற்றி எழுதுகிற எல்லாரும் வியக்கிற விஷயம், அவர் வேலைகளில் கைத்தடம் இல்லை என்பது. தன்னை அழித்துக்கொண்ட கலைஞன், அகம் கரைந்த கலை என்றெல்லாம் எழுதுவார்கள். நானும் மேலே பாதி வழி அந்தப் பக்கம்தான் வந்திருக்கிறேன். ஆனால் முதலில் சொன்ன அந்த ரப்பர் ஏப்ரன் ஆளை மறந்துவிட முடியாது. செக் கண்ணாடி மரபில் வரைகிறவர் ஒருவர், அறுத்து மெருகேற்றுகிறவர் இன்னொருவர் என்பது சகஜம். நோவி போர் போன்ற ஊர்களில் தலைமுறை தலைமுறையாக அறுப்பதும் மெருகேற்றுவதும் தொழிலாக வந்த மாஸ்டர்கள் இருக்கிறார்கள். அருங்காட்சியகத்துச் சீட்டில் கலைஞர் பெயர், ஆண்டு, 'ஆப்டிகல் கண்ணாடி, அறுத்து மெருகேற்றப்பட்டது' என்றிருக்கும். யார் மெருகேற்றியது என்பது செயப்பாட்டு வினைக்குள் போய்விடும்.

ஓவியத்தில் உதவியாளர் தீட்டிய மூலையைத் தூரிகை வீச்சை வைத்து நிபுணர்கள் கண்டுபிடிக்கிறார்கள். இங்கே முடியாது. நன்றாகச் செய்த மெருகில் செய்தவர் இருக்க மாட்டார், அதுதான் நன்றாகச் செய்ததற்கு அடையாளமே. ஒரு கீறல் விட்டிருந்தாலாவது அவர் இருந்தது தெரிந்திருக்கும். அகம் கரைந்த கலை என்று நாம் புகழ்கிற இடத்தில் யாருடைய அகம் கரைந்தது என்று ஒரு நிமிடம் கேட்டுக்கொண்டால், சிக்லரின் அமைதி கொஞ்சம் கலங்குகிறது. அவர்மேல் குற்றமாக இதைச் சொல்லவில்லை. அந்தக் கட்டியின் முன் நிற்கும்போது உள்ளே தெரிகிறவர்களின் பட்டியலில் இந்த ஆளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறேன்.

இதையெல்லாம் நான் நேரில் பார்த்து எழுதவில்லை. நூல்கள், அருங்காட்சியகத் தளங்கள், காணொளிகள் வழியாகத்தான். உங்களில் பெரும்பாலோருக்கும் அப்படித்தான் வாய்க்கும். அதனால் ஒரு யோசனை. கறுப்புப் பின்னணியில், மேலிருந்து ஒரே விளக்கு போட்டு எடுத்த படங்களைத் தள்ளிவிடுங்கள். அவை ஏலக் கம்பெனிக்காக எடுத்தவை, அவற்றில் கண்ணாடி மட்டும்தான் இருக்கும். கண்காட்சிக்கு வந்த யாராவது போனில் எடுத்துப் போட்ட நடுங்குகிற வீடியோக்களைத் தேடுங்கள். ஜன்னல் வெளிச்சம், எமர்ஜென்சி எக்ஸிட் பலகையின் பச்சை, தோள்பையோடு குறுக்கே போகிறவர்கள், எல்லாம் வட்டுக்குள் நுழைந்து ஒடிந்து வெளியே வரும். இரண்டாம் தடவை பார்க்கும்போது நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். ஏதோ ஒரு ஃப்ரேமில், கையை உயர்த்திப் போனைப் பிடித்தபடி, தலைகீழாக, எடுத்தவரும் இருப்பார்.